பயிற்சிக்காக வாங்கிய கவசங்கள்: மூன்று வருடம் கழித்து எது மிஞ்சியது

நாற்பத்தொரு வயதில் மோட்டார் சைக்கிள் கற்றுக்கொள்ள இரண்டு நாள் தொடக்கநிலைப் பயிற்சியில் சேர்ந்தேன். ஹெல்மெட், கிளவுஸ், பூட்ஸ், ஜாக்கெட், முட்டிக்குப் பேடு என ஐந்து பொருள்கள் வாங்கினேன். மூன்று வருடம் ஆகிறது. ஹெல்மெட்டும் பூட்ஸும் இன்றும் தினமும் என்னோடு வருகின்றன. கிளவுஸ் முதல் நாள் மதியமே மாறிவிட்டது. ஜாக்கெட் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. புதிதாகச் சேரப் போகிறவர்களுக்கு இது உதவும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

வாங்கும்போது என் மனதில் இருந்தது நெடுஞ்சாலை விபத்து. பயிற்சி மைதானத்தில் விழுவது வேறு மாதிரி. வண்டி பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வளைந்துகொண்டிருக்கும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பதற்றத்தில் முன் பிரேக்கை அழுத்திவிடுவோம். வண்டி அப்படியே பக்கவாட்டில் சாயும். நாம் கையை ஊன்றுவோம், கால் வண்டிக்கடியில் போகும். அடிபடுவது உள்ளங்கை, முட்டி, கணுக்கால். என்னோடு படித்த எட்டுப் பேரில் மூன்று பேர் வண்டியைக் கீழே போட்டோம், மூவருக்கும் இதே கதைதான்.

இதைப் படித்துவிட்டு ஹெல்மெட்டை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நின்ற வண்டியிலிருந்து விழுந்தாலும் தலைக்கு இந்தக் கணக்கு உண்டு.

ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாகோல் போல ஒரு அடுக்கு இருக்கிறதே, அதுதான் வேலை செய்கிறது. அடிபடும்போது அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நசுங்கியது திரும்ப எழும்பாது, அதனால் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் ஆயுள் அதோடு முடிந்தது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். பயிற்சி மையத்தில் இரவல் ஹெல்மெட் தருவார்கள். அது எத்தனை தடவை விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் செலவு ஹெல்மெட்டுக்கே போகட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தரமுத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம். ஐரோப்பாவில் பயன்படும் ஹெல்மெட் தரமான இ.சி.இ. 22.06 முத்திரை கிடைத்தால் நல்லது. பழைய 22.05-இல் இல்லாத சாய்வான மோதல் சோதனையும் அதில் உண்டு, தலை சுழன்று திரும்பும் அதிர்ச்சியையும் அளக்கிறார்கள். ஆனால் எந்த முத்திரையும் தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டைக் காப்பாற்றாது. நான் முதலில் எடுத்தது போட்ட உடனே சுகமாக இருந்தது. கடைக்காரர் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார். பத்தாவது நிமிடம் நெற்றியின் நடுவில் ஒரு புள்ளி வலிக்க ஆரம்பித்தது, இருபதாவது நிமிடம் தாங்க முடியவில்லை. என் தலை முன்பின்னாக நீளம், அந்த ஹெல்மெட்டின் உட்புறம் உருண்டை. ஒரே சுற்றளவு, ஒரே சைஸ் எண், ஆனாலும் பொருந்தாது. இது தெரியாமல் பலர் ஒரு சைஸ் பெரியதாக வாங்கிவிடுகிறார்கள். நெற்றி வலி போகும், ஹெல்மெட் தலையில் ஆடும்.

பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் போதும். போட்டுக்கொண்டு ஹெல்மெட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் கன்னத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். பட்டையைப் பூட்டியபின் பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கினால் கழன்று வரக் கூடாது. புதிதில் கன்னம் அழுந்தி, பேசும்போது வாயின் உட்புறம் பல்லில் படுவது சரியான இறுக்கம்தான். எனக்கு ஒரு வருடத்தில் கன்னப் பஞ்சு தளர்ந்தது, அதே கம்பெனியின் சற்றுத் தடித்த பஞ்சை வாங்கி மாற்றினேன், பழைய இறுக்கம் திரும்பியது. முகத்துக்கு முன்னால் வரும் கண்ணாடி, அதாவது விசர் மட்டும் என் தவறால் கெட்டது. தூசியோடு உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்து, எதிர்வெளிச்சத்தில் மங்கலாகிவிட்டது. இப்போது ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்துத்தான் துடைக்கிறேன்.

அடுத்தது கிளவுஸ். நான் அதிகம் வருந்தியது இதில்தான். விரல் முட்டிகளின்மேல் கடினமான ஓடு, உள்ளே இரட்டை லைனிங், பார்க்கவே தைரியம் தரும் ஒரு ஜோடியை வாங்கினேன். பயிற்சியின் முதல் பாதி முழுக்க ஹாஃப் கிளட்ச்தான், அதாவது கிளட்ச் லீவரைப் பாதி மட்டும் விட்டு வண்டியை மெல்ல நகர்த்துவது. லீவரை மில்லிமீட்டர் கணக்கில் விட வேண்டும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, வண்டி ஏழு முறை ஆஃப் ஆனது. கை வராது போல என்று கலங்கிப் போனேன். பயிற்சியாளர் வந்து என் விரல்நுனியைப் பிடித்துப் பார்த்தார். நுனிக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர் காலியாக இருந்தது. "கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு விரல்தாம்மா சொல்லணும். இந்தக் கிளவுஸ் சொல்ல விடாது," என்று தன்னிடமிருந்த மெல்லிய தோல் கிளவுஸைக் கொடுத்தார். அடுத்த சுற்றில் வண்டி நகர்ந்தது. அந்த நிமிடத்தை நான் மறக்கவில்லை.

பிறகு வாங்கியதில் மூன்றே விஷயம் பார்த்தேன். உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கும் கடினத் துண்டு இருக்க வேண்டும். கையை ஊன்றி விழும்போது தோல் தரையைக் கவ்விப் பிடித்தால் முழு விசையும் மணிக்கட்டு எலும்புக்குப் போகும், வழுக்கினால் கொஞ்சம் சிதறும். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கியபின் விரலைப் பிடித்து இழுத்தால் கழலக் கூடாது. கையை மடக்கி லீவர் பிடிக்கும் நிலையில் அளவு பார்க்க வேண்டும், விரித்த கையில் பார்ப்பது ஏமாற்றும். தோல் சில வாரத்தில் விட்டுக்கொடுக்கும், எனவே முதலில் இறுக்கமாகவே எடுங்கள். மோட்டார் சைக்கிள் கிளவுஸுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 13594, அது உள்ளே எழுதியிருந்தால் சோதித்த பொருள். இரண்டாம் நாள் யூ டர்னில் விழுந்தபோது அந்தத் துண்டில் நீளமாக உராய்ந்த தடம், என் உள்ளங்கையில் ஒன்றுமில்லை. இரண்டு வருடத்தில் கட்டைவிரல் தையல் விட்டது, அதே மாதிரியையே மறுபடி வாங்கினேன்.

பூட்ஸ் நான் செய்த செலவிலேயே சிறந்தது. அதே யூ டர்னில் வண்டி என் இடது கணுக்கால்மேல்தான் விழுந்தது. வலித்தது, ஆனால் எழுந்து அடுத்த சுற்றுக்குப் போனேன். கணுக்காலின் இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே கிண்ணம் போல கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். குதிகாலையும் நுனியையும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்குங்கள், எளிதில் முறுகினால் வேண்டாம். நாடா இருந்தால் அதை மூடும் மடிப்பு அவசியம். தொங்கும் நாடா கியர் லீவரிலோ ஃபுட்ரெஸ்ட்டிலோ மாட்டினால், நிற்கும்போது கால் தரைக்கு வராது. நுனி ரொம்பத் தடித்தால் கியர் லீவருக்கு அடியில் நுழையாது, முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குத் தூக்கவே முடியாது. கடையில் நடந்து பார்ப்பதைவிட ஒரு வண்டியில் உட்கார்ந்து கியர் போட்டுப் பார்ப்பது முக்கியம்.

ஜாக்கெட் பற்றிச் சுருக்கமாக. நீண்ட பயணத்துக்கான தடித்த ஒன்றை, உள்ளே இன்னொரு உடை போடலாம் என்று ஒரு சைஸ் பெரியதாக எடுத்தேன். கையை மடக்கினால் முழங்கைப் பேடு பக்கவாட்டில் ஓடிவிடும். விழும்போது அந்த இடத்தில் இல்லாத பேடால் என்ன பயன்? வெயிலில் நின்று நின்று பிற்பகலில் கவனமே போய்விட்டது. இப்போது காற்றோட்டமுள்ள மெஷ் ஜாக்கெட், உடைகளுக்கான இ.என். 17092 தரத்தில் மேலிருந்து இரண்டாவதான 'ஏஏ' வகுப்பு, கைக்கு ஒட்டியது. முதல் இரண்டு நாளைக்கு ஜாக்கெட் இரவல் வாங்குவதில் தவறில்லை, அளவு மட்டும் சரியாக இருக்கட்டும்.

முட்டிப் பேடில் இ.என். 1621-1 லெவல் 1, லெவல் 2 என்று இருக்கும். ஒரே 50 ஜூல் அடியைக் கொடுத்து, பேடைக் கடந்து எவ்வளவு விசை வருகிறது என்று அளக்கிறார்கள், அது குறைந்தால் பாதுகாப்பு அதிகம். சராசரி லெவல் 1-க்கு 35 கிலோநியூட்டனுக்குள், லெவல் 2-க்கு 20-க்குள். நான் லெவல் 2 எடுத்தேன். பேடு இன்றும் நன்றாக இருக்கிறது, எலாஸ்டிக் பட்டைதான் தளர்ந்து ஆடுசதைக்கு இறங்கியது. முட்டிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பட்டை உள்ளதாகப் பாருங்கள்.

என் தங்கை அடுத்த மாதம் அதே பயிற்சியில் சேர்கிறாள். பூட்ஸ் அவளுக்கும் சரியாக இருக்கிறது, முட்டிப் பேடுக்குப் புதுப் பட்டை தைத்துக் கொடுத்துவிட்டேன். ஹெல்மெட் கேட்டாள், கொடுக்கவில்லை. அவள் தலை உருண்டை. சனிக்கிழமை கடைக்குப் போகிறோம், அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.