டப்பாவில் எழுதியிருக்கும் டிகிரியும் குளச்சல் உப்பும்

எங்கள் வீட்டு அம்பாசடரின் இன்ஜினுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்திருக்கிறேன். முதல் முறை ஸ்ப்ரே கேன். பதினான்கு மாதம் கழித்து, ஹார்டனர் கலந்து பூசும் டூகே. வீடு குளச்சலில், கடலுக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. குலசேகரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வசிக்கும் என் மச்சானுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற சிந்தெடிக் எனாமலை இன்ஜினுக்கும் அடிப்பவர்கள் உண்டு. ஹெட்டில் ஒரே கோடையில் பழுத்துவிடும். பெட்ரோல் பட்ட இடம் பிசுபிசுக்கும். அதை அத்தோடு விட்டுவிடலாம்.

ஸ்ப்ரே கேனின் கவர்ச்சி அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்தான். 300 டிகிரி தாங்கும் என்று பார்த்ததும் வாங்கிவிட்டேன். ஆனால் பிளாக்கின் வெளிப்புறம் அவ்வளவு சூட்டைக் காண்பதே இல்லை. இன்ஜின் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் 80 டிகிரியை ஒட்டித் திறந்துவிடுகிறது. உள்ளே ஓடும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும்வரை வெளி இரும்பு 100 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். பல நூறு டிகிரிக்குப் போவது, புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அதற்கு சைலன்சருக்கு அடிக்கும் சிலிக்கோன் பெயிண்ட் வேண்டும். இங்கே பேசும் எதுவும் அதில் நிற்காது. ஆக, நான் பணம் கொடுத்து வாங்கிய 200 டிகிரி எனக்குத் தேவையே இல்லாதது.

அடிப்பது மட்டும் சுகம். குலுக்கி, மெல்லிய மூன்று கோட் அடித்தால் முடிந்தது. முதல் கோட் அடித்த ஒரு மணி நேரத்துக்குள் மற்றவற்றையும் அடித்துவிட வேண்டும். தவறினால் டப்பாவில் போட்டிருக்கிறபடி சில நாள் பொறுக்க வேண்டும். நடுவில் அடித்தால் பெயிண்ட் சுருங்கிக்கொள்ளும்.

எட்டாவது மாதம் பெட்ரோல் பம்பைக் கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கி, போல்ட்டுக்குப் பக்கத்தில் உளுந்து அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்தது. பெரிதாக நினைக்கவில்லை. இரண்டு மழைக்காலமும் கடந்த பின் அதன் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். வெற்றிலை அகலத்துக்கு அப்படியே எழும்பி வந்தது. மேல்பக்கம் புதுப் பளபளப்பு. அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு.

துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “மக்களே, கடலுக்குப் போகிற இன்ஜின் சூட்டில் சாவதில்லை, உப்பில்தான் சாகும். ஹார்டனர் போட்ட எபாக்சி பிரைமர் வாங்கு” என்றார்.

பெயிண்ட் எத்தனை டிகிரி தாங்கும் என்பதைவிட, அடிபட்ட பிறகு அது என்ன செய்யும் என்பதுதான் இந்தக் கரையில் கேள்வி. ஸ்பேனர் வழுக்காத இன்ஜின் கிடையாது. பெயர்ந்த இடத்தில் உப்புக் காற்று படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாப்பாட்டு உப்பு தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆடி மாதம் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் இன்னும் சீக்கிரம் ஈரம் பிடிக்கும். மழை வேண்டாம், தண்ணீர் தெறிக்க வேண்டாம், ஷெட்டில் சும்மா நின்றாலே போதும். அந்த உப்பு நீர் பெயிண்டுக்கும் இரும்புக்கும் நடுவே ஊர்கிறது. ஹார்டனர் கலக்காத ஸ்ப்ரே கேன் பெயிண்டின் பிடி அங்கே விட்டுவிடுகிறது. எபாக்சியின் பிடி எளிதில் விடுவதில்லை. அடியில் எபாக்சி பிரைமர், மேலே டூகே என்று அடித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதே பம்பு போல்ட்டுக்குப் பக்கத்தில் மறுபடியும் ஒரு காயம் பட்டது. அதன் உள்ளே துருப்பிடித்திருக்கிறது, ஆனால் காயத்தின் அளவு மாறவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் முறை நான் இரும்பைச் சரியாகக் கழுவவில்லை. தின்னர் போட்டுத் துடைத்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தின்னர் எண்ணெயைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்புத்தாளோ பெயரில்தான் உப்பு. வார்ப்பிரும்பின் குழிகளில் ஒளிந்திருக்கும் உப்பை அது இன்னும் ஆழமாகத் தேய்த்து வைக்கும். இரண்டாம் முறை துளைகளை எல்லாம் அடைத்துவிட்டு, டீசலும் சோப்பும் போட்டு எண்ணெய் எடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினேன். அதனால் வெற்றி முழுவதையும் எபாக்சிக்குக் கொடுப்பது நியாயமில்லை. இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரை மட்டும் அதே போலக் கழுவி, மிச்சமிருந்த கேனால் அடித்துப் பார்த்தேன். அதிலும் எண்ணெய் மூடியின் ஓரத்தில் துரு உள்ளே ஊர்ந்தது, முன்பைவிட மெதுவாக. ஒரு மூடியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான்.

டூகே பூச நாள் பார்க்க வேண்டும். நான் பிப்ரவரி கடைசியில் செய்தேன். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போகும் நாளில் தொடவே கூடாது. அலசிய வார்ப்பிரும்பு கண் முன்னாலேயே துருவில் மஞ்சளடிக்கும். காற்றடித்து, வெயிலில் சூடேற்றி, லேசாகத் தேய்த்து, அன்றைக்கே பிரைமர் போட்டுவிட வேண்டும். கலந்த பிறகு டப்பாவில் சொன்ன நேரம் சும்மா வைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் கலவை சீக்கிரம் தேன் போல இறுகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். மறுநாள் மேல் பூச்சு. அந்த ஹார்டனரில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே கன்னில் அடித்தால் சாதாரண முகக்கவசம் காப்பாற்றாது, வெளியிலிருந்து காற்று வரும் கவசம் வேண்டும். அது என்னிடம் இல்லை. பிரஷ்தான், கையுறையோடு. கோடு கொஞ்சம் தெரியும். பானெட்டைத் திறந்து போட்டியா நடத்தப்போகிறோம்?

கேஸ்கட் உட்காரும் முகங்களை டேப் ஒட்டி மறைப்பது எல்லோரும் அறிந்ததே. பலர் மறப்பது இன்ஜின் எண். 15 வருடம் கடந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அந்த எண்ணைப் பார்ப்பார்கள். அதன் மேல் கிரீஸ் தடவிவிட்டால் பெயிண்ட் பிடிக்காது.

நிறத்தில் என் வாக்கு வெளிர் சாம்பலுக்கு. ஆயில் கசிவு எங்கே தொடங்குகிறது என்று பார்த்ததும் தெரியும். அதில் கலக்கும் வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு, நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கும் இல்மனைட் போன்ற கருமணலில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. கரையில் இருந்து வந்ததையே கரைக்கு எதிராகப் பூசுகிறோம்.

டூகேக்கும் குறை உண்டு. செலவு எனக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. 120 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறும். மேனிஃபோல்டை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு இப்போதே பழுப்பேறிவிட்டது. அலுமினிய பிளாக் உள்ள புதிய கார்களில் நான் கை வைத்ததில்லை.

மச்சானின் கார் ஸ்ப்ரே கேனில் நான்கு வருடமாக நன்றாகவே இருக்கிறது. அங்கே மழை அதிகம், ஆனால் அந்த மழையில் உப்பு இல்லை. சின்னக் காயம் பட்டால் கேனைக் குலுக்கி இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார். என் பம்பு போல்ட்டுக்குப் பக்கத்துக் காயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தொட்டுப் பூசலாம் என்று போன வாரம் டப்பாவைத் திறந்தேன். மிச்சமிருந்த ஹார்டனர் காற்றின் ஈரம் பட்டுக் கல்லாகியிருந்தது.