பள்ளி முடிந்தபின் நடக்கும் பாட உதவி வகுப்பு: தாராளமாகச் சேர்க்கலாம்

புலம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக மகளின் பள்ளியில் மாலையில் நடக்கும் இலவச வகுப்பு இது.

ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். தோழிகளோடு இந்த ஊர் மொழியில் சரளமாகப் பேசுவதால் அவளுக்கு மொழிப் பிரச்சினையே இல்லை என்று பள்ளியில் நினைத்துவிட்டார்கள். புது மொழியில் பேச்சு சுமார் 2 ஆண்டுகளில் வந்துவிடும். பாடப்புத்தக மொழி கைவர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்று ஜிம் கம்மின்ஸ் போன்ற ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். இந்த வகுப்பு ஆசிரியைக்கு அது நன்றாகத் தெரிகிறது. வேகம், தூரம் கணக்கு வந்தால் உடனே வழி சொல்லித் தருவதில்லை. கேள்வியை வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறார். என்ன கொடுத்திருக்கிறது, என்ன கேட்கிறார்கள் என்று படம் போட வைக்கிறார். சிக்கினால், "தமிழிலேயே யோசிம்மா" என்கிறார். சமன்பாடு அவளுக்கு எப்போதும் வரும். கேள்விதான் பிடிபடாமல் இருந்தது.

ஒரு பெரிய குறை. பெற்றோர் சந்திப்பை வேலை நாள் பகலில் வைக்கிறார்கள். ஷிப்ட் வேலைக்காரர்கள் எப்படிப் போவது? மேல்வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படுகிறது. அப்புறம், மொழிபெயர்ப்பாளர் கேட்டால்தான் வருவார். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், பிள்ளையை அந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள்.