புதுப் பாட்டைத் தேடிப் போகும் வழிகளில் எது நம்மைக் குறைவாகக் கவனிக்கிறது?

ரோஸ்ஹில்லில் ஏறி போர்ட் லூயியில் இறங்கும் மெட்ரோ நேரம்தான் எனக்குப் பாட்டு நேரம். சினிமாவுக்கு வெளியே தமிழில் யார் புதிதாகப் பாடுகிறார்கள், இந்த மொரிஷியஸ் தீவில் ராவான் என்ற தோல் மேளத்தைக் கையில் எடுத்தவர்களில் யார் எங்கள் நாட்டுப்புற இசையான சேகாவை வேறு பக்கம் திருப்புகிறார்கள் என்று தேடுவது பல வருடப் பழக்கம். முன்பெல்லாம் இந்தத் தேடல் முழுவதும் ஒரே ஆப்பில்தான் நடந்தது.

அப்புறம் ஒரு நாள், நான் கணக்கு வைத்திருந்த ஒரு சேவையிடம் என்னைப் பற்றிய தகவலைக் கேட்டு வாங்கினேன். அப்படிக் கேட்கும் உரிமையை மொரிஷியஸின் 2017 தகவல் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தருகிறது. கோப்பைத் திறந்தால், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்கள் அப்படியே கிடந்தன. இரவு 2 மணி, 3 மணி, ஒரே தாலாட்டு, திரும்பத் திரும்ப. எந்த இடத்தில் தாங்க முடியாமல் நிறுத்தினேன் என்பதும் இருந்தது. என் மனைவியிடம்கூட நான் சொல்லாத விஷயம் அது.

அக்கா மகனிடம் காட்டினேன். "எல்லாரும்தான் பாட்டு கேக்கிறாங்க, இதில மறைக்க என்ன இருக்கு மாமா?" என்றான். எல்லாரும் கேட்கும் பாட்டு என்றால் அவன் சொல்வது சரி, கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளலாம். ஆனால் இது சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் தீவு. இங்கே சென்னையின் ஒரு சின்ன பேண்டையும் உள்ளூர் ராவான் பதிவுகளையும் மாற்றி மாற்றி, காலை மெட்ரோ நேரத்தில் கேட்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பெயரை அழித்துவிட்டுக் கொடுத்தாலும் அது நான்தான் என்று கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. அரிய பாட்டைத் தேடுகிறவர்கள்தான் எளிதில் அடையாளம் காணப்படுகிறார்கள். இதை மனதில் வைத்தே எனக்குத் தெரிந்த வழிகளை ஒப்பிடுகிறேன்.

முதலில் ஸ்பாட்டிஃபை. மொரிஷியஸுக்கு வந்தது 2021இல். கண்டுபிடித்துத் தருவதில் அதை அடிக்க ஆளில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்னை இசைக்குழுவான தி காஸ்ட்லெஸ் கலெக்டிவைக் கேட்டு முடித்தால், அதே சூட்டில் இன்னும் பத்துப் பேரைக் கொண்டுவந்து நிறுத்தும். அது எப்படி முடிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முழு வரலாற்றுக் கோப்பைக் கேட்டு வாங்கினால் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரம், எத்தனை மில்லி வினாடி ஓடியது, எந்தச் சாதனம், எந்த ஐபி முகவரி, பாதியில் தாண்டினோமா என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். 'பிரைவேட் செஷன்' என்று ஒன்று உண்டு. நண்பர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க அது உதவும். ஆனால் அப்போது கேட்டதும் அந்தக் கோப்பில் ஏறும், தனியாகக் கேட்டது என்ற குறிப்போடு. தகவல் கேட்பவர்களுக்குத் தெளிவாகப் பதில் தரவில்லை என்று 2023இல் ஸ்வீடன் கண்காணிப்பு ஆணையம் ஸ்பாட்டிஃபைக்கு 5.8 கோடி குரோனர் அபராதம் விதித்தது.

பாடகர் பக்கம் நின்று பார்த்தாலும் எனக்குத் திருப்தியில்லை. 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 முறை ஓடாவிட்டால் அந்தப் பதிவுக்குப் பணம் கிடையாது. நான் தேடிப் போகும் பாட்டுகளில் பாதி அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். என் இரவுகளை நான் கொடுத்துவிட்டேன், அவருக்கு ஒரு ரூபாயும் போகவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

யூடியூபில் எல்லாமே இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் யாரோ போனில் எடுத்த பதிவுகூடக் கிடைக்கும். பார்த்த வரலாற்றை நிறுத்தி வைக்கலாம், 3 மாதத்துக்கு மேல் பழையவை தானாக அழியும்படியும் செய்யலாம். இரண்டையும் இன்றே செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் நியூபைப் என்ற திறந்தமூலச் செயலி உண்டு. கூகுள் கணக்கே இல்லாமல் சேனல்களைப் பின்தொடரலாம், அந்தப் பட்டியல் நம் போனிலேயே இருக்கும். கணக்கோடு பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

எஃப்எம் ரேடியோவுக்கு நான் யார் என்றே தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். ஆனால் தமிழ் இண்டி, அதாவது சினிமாவுக்கு வெளியே வரும் தமிழ்ப் பாட்டு, அதில் என் காதில் விழுந்தது மிகக் குறைவு.

பேண்ட்கேம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே ஆல்பத்தை விலை கொடுத்து வாங்குகிறோம். டிஜிட்டல் விற்பனையில் நிறுவனத்தின் பங்கு 15 சதவீதம். 'பேண்ட்கேம்ப் ஃபிரைடே' நாட்களில் அதையும் எடுப்பதில்லை. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் இல்லாத, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பு கைக்கு வரும். அதை ஹார்டு டிஸ்கில் போட்டு, இணையத்தை அணைத்துவிட்டுக் கேட்டால் நான் எந்த இரவில் எதைக் கேட்டேன் என்பது யாருக்கும் போகாது. அந்தத் தாலாட்டை இன்று அப்படித்தான் கேட்கிறேன்.

குறைகளும் உண்டு. கணக்கு தொடங்கினால் நாம் வாங்கியவை உலகமே பார்க்கும் பக்கமாக மாறும், ஆல்பத்தின் கீழே நம் படமும் வரும். வேண்டாதவற்றை நாமே மறைக்க வேண்டும். நான் கணக்கே இல்லாமல், இதற்கென்று வைத்திருக்கும் ஒரு மின்னஞ்சலைக் கொடுத்து வாங்குகிறேன். கார்டு விவரம் எப்படியும் பணம் வாங்குகிறவர்களிடம் போகும், அதற்கு வழியில்லை. நிறுவனமும் 2022இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்திடம் போய், 2023இல் சாங்டிரேடர் என்ற இசை உரிம நிறுவனத்திடம் கைமாறியது. இப்படிக் கைமாறும்போது நம் விவரங்களும் சேர்ந்து போகும் என்பதால் குறைவாகக் கொடுப்பதே நல்லது.

"புதுசை யார் காட்டுவாங்க மாமா?" என்று மருமகன் கேட்டது நியாயமான கேள்வி. ஆல்பப் பக்கத்தில் வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர்கள் பெயர்களைப் பல குழுக்கள் எழுதியிருப்பார்கள். பிடித்த பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் வேறு யாருக்கு வாசித்தார் என்று போனால் இன்னொரு குழு, அங்கிருந்து இன்னொருவர். ஆப் என் தடத்தைப் பின்தொடர்ந்து பாட்டைக் கொண்டுவருகிறது. இந்த வழியில் நான் கலைஞர்களின் தடத்தைப் பின்தொடர்கிறேன். நேரம் எடுக்கும், வாரத்துக்கு ஒன்றுதான் தேறும். ஆனால் அந்த ஒன்றை யார் செய்தார்கள், யாரோடு செய்தார்கள் என்று தெரிந்தே கேட்கிறேன்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? சமூக வலைதளப் போக்குவரத்தைத் தனி சர்வர் வழியாகத் திருப்பி, மறையாக்கத்தை (என்கிரிப்ஷன்) உடைத்துப் பார்க்கலாம் என்று 2021 ஏப்ரலில் எங்கள் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு யோசனையை முன்வைத்தது. 2024 நவம்பரில், தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, சமூக வலைதளங்களையே முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பி உடனே திரும்பப் பெற்றார்கள். எங்கோ சேர்த்து வைக்கப்படும் பட்டியலை நாளை யார் கேட்பார்கள் என்ற கேள்வி எங்களுக்கு வெறும் கற்பனை இல்லை.

ஆகவே இப்போது என் பழக்கம் இது: கேட்டுப் பார்க்க நியூபைப், பிடித்தால் பேண்ட்கேம்ப், அங்கே இல்லாத கலைஞருக்கு நேரில் பார்க்கும்போது பணம். ஸ்பாட்டிஃபையை மருமகன் வைத்திருக்கிறான், அதில் நல்லதாக ஏதாவது வந்தால் பெயரை மட்டும் எனக்கு அனுப்புகிறான். போன வாரம் அப்படி அனுப்பிய ஒன்றில் ராவான் சத்தம் அடி வயிற்றில் போய் விழுந்தது. ஆல்பத்தை வாங்கி, வாசித்தவர் பெயரைப் பார்த்துவிட்டேன். அவர் வேறு எங்கெல்லாம் வாசித்திருக்கிறார் என்று இந்த வாரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.