மட்டக்களப்பிலிருந்து நெடுந்தூரம் போகும் மின்சாரக் கார்களுக்கு ‘ஏ பெட்டர் ரூட் பிளானர்’: ஒரு மதிப்பீடு

சுவீடனில் உருவாகி, 2023 இல் அமெரிக்காவின் ரிவியன் வாகன நிறுவனத்தின் கைக்குப் போன ‘ஏ பெட்டர் ரூட் பிளானர்’ என்ற பயணத் திட்டச் செயலியை, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் போய்வரும் ஒருவருடைய தேவையை வைத்து இங்கு மதிப்பிடுகிறேன். எந்த ஊரை அடையும்போது பற்றரியில் எவ்வளவு மின்சாரம் மிஞ்சியிருக்கும் என்று கணிப்பதில், நான் பாவித்துப் பார்த்தவற்றுள் இதற்கு நிகரான வேறொன்று இல்லை. ஆனால் எங்கே நின்று சார்ஜ் பண்ணுவது என்று அது சொல்வதை அப்படியே நம்பி, மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் வண்டியை எடுத்துவிடக் கூடாது. கணக்கு செயலியின் வேலை, நிறுத்தத்தைத் தெரிவது நம்முடைய வேலை என்று பிரித்து வைத்துக்கொண்டால் இது மிகவும் பயனுள்ள கருவி.

முதலில் அதன் கணக்கைப் பார்ப்போம். வாகனத்தின் வகையைத் தெரிவு செய்து, புறப்படும்போது பற்றரி எத்தனை வீதம் இருக்கிறது, சார்ஜரை அடையும்போது குறைந்தது எத்தனை வீதம் மிஞ்ச வேண்டும், போய்ச் சேரும் இடத்தில் எத்தனை வீதம் வேண்டும் ஆகியவற்றைக் கொடுத்தால், வீதியின் ஏற்ற இறக்கத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு நிறுத்தங்களோடு ஒரு திட்டத்தைத் தருகிறது. வெளிவெப்பநிலை, காற்று, மழையில் நனைந்த வீதி, மேலதிகச் சுமை, பற்றரியின் தேய்வு ஆகியவற்றையும் நாமே மாற்றிக் கொடுக்கலாம். பெரும்பாலானோர் இந்தப் பகுதியைத் திறந்தே பார்ப்பதில்லை என்பது என் எண்ணம். கிழக்கு மாகாணத்து வீதிகளுக்குத் திட்டம் பொருந்துவதும் பொருந்தாமல் போவதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

கச்சான் காற்றை எடுத்துக்கொள்வோம். வைகாசியிலிருந்து சில மாதங்களுக்கு மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வறண்டு வீசும் அந்தக் காற்று, கொழும்பை நோக்கிப் போகும் வாகனத்துக்குப் பெரும்பாலும் எதிர்க்காற்று. மணிக்கு 65 கிலோமீற்றர் வேகத்தில் போகும் காருக்கு முன்னாலிருந்து 20 கிலோமீற்றர் வேகக் காற்று வீசினால், காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது ஏறத்தாழ 70 வீதம் கூடிவிடும். புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையிலுள்ள வெட்டவெளியில் இந்த வித்தியாசம் மீற்றரிலேயே தெரியும். செயலியில் காற்றின் வேகத்தைக் கையால் குறித்துக்கொள்ள இடமிருக்கிறது. குறித்தால் திட்டம் அதற்கேற்ப மாறுகிறது. அன்றன்றைய வானிலையைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் வசதி கட்டணப் பதிப்பில் வருவது. நம்முடைய பருவங்களை நாம் அறிவோம் என்பதால், அதற்காக மட்டும் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஏசியின் கணக்கு வேறு வகையானது. அது தூரத்துக்கு அல்லாமல் நேரத்துக்கு மின்சாரம் எடுக்கும். நல்ல வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு ஓர் அலகு என்று வைத்தாலும் (மின்சாரப் பட்டியலில் வரும் அதே அலகைத்தான், அதாவது ஒரு கிலோவோட் மணியைத்தான் சொல்கிறேன்), ஏழு மணித்தியாலப் பயணத்தில் ஏழு அலகு போய்விடும். அது நாற்பத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் ஓடப் போதுமானது. வெளிநாட்டு நெடுஞ்சாலைகளில் நான்கு மணித்தியாலத்தில் முடியும் தூரத்துக்கு நமக்கு ஏழு தேவைப்படுவதால், உற்பத்தியாளர் தரும் கிலோமீற்றர் எண்ணிக்கையில் ஒரு பங்கை ஏசி தின்றுவிடுகிறது. அதை ஈடுசெய்வதும் அதே மெதுவான வீதிதான். செயலி வாகனத்தின் செலவை மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்துக்குரிய அளவாகக் கேட்கிறது; நாமோ பெரும்பாலும் 50க்கும் 70க்கும் இடையில் போகிறவர்கள். எனவே உச்ச வேகத்தை 70 ஆகக் குறைத்து வைத்தால்தான் உண்மைக்குக் கிட்டிய எண்கள் கிடைக்கும்.

இனி நிறுத்தங்களுக்கு வருவோம். என்னுடைய வண்டி ஏறத்தாழ 50 அலகு பற்றரி கொண்ட சீனத் தயாரிப்பு. ஏசியோடு சேர்த்து 100 கிலோமீற்றருக்குச் சராசரியாக 15 அலகு என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை ஏறத்தாழ 97 கிலோமீற்றர், ஹபரணை 140, தம்புள்ளை 165, குருநாகல் 220, கொழும்பு 315. நூறு வீதத்தோடு புறப்பட்டால் தம்புள்ளையில் 50 வீதமும் குருநாகலில் 34 வீதமும் மிஞ்சும். கொழும்புவரை ஓடினால் 5 வீதம். அதை யாரும் செய்து பார்க்கத் தேவையில்லை.

எவ்வளவு வேகமாகப் போய்ச் சேரலாம் என்பதை முதன்மையாக வைக்கும் செயலி, இயல்பாகவே குருநாகலை விரும்பும். பற்றரி காலியாக இருக்கும்போது அதிவேக சார்ஜரிலிருந்து மின்சாரம் விரைவாக ஏறுவதும், 80 வீதத்தைத் தாண்டியதும் அந்த வேகம் படிப்படியாகக் குறைவதும் எல்லா மின்சாரக் கார்களுக்கும் பொதுவான இயல்பு. ஆகவே குறைந்த வீதத்தில் போய்ச் செருகுவதே நேர மிச்சம். கணக்கு சரி. ஆனால் ஒரு நிலையத்தில் பத்துச் சார்ஜர்கள் வரிசையாக நிற்கும் நாடுகளுக்குத்தான் அது முழுமையாகப் பொருந்தும். ஒரேயொரு சார்ஜர் நிற்கும் இடத்தில், அது பழுதானால் அல்லது அதில் வேறொரு வண்டி செருகி நின்றால், மிஞ்சியிருக்கும் 34 வீதத்தோடு என்ன செய்வது என்ற கேள்விக்குத் திட்டத்தில் பதில் இல்லை.

அதனால் நான் கைக்கொள்ளும் விதி எளிமையானது: முதலாவது நிலையம் கைவிட்டாலும் இரண்டாவது நிலையத்தை அடைந்து, அங்கேயும் 15 வீதமாவது மிஞ்சக்கூடிய இடத்தில் முதல் நிறுத்தத்தை வைக்க வேண்டும். தம்புள்ளையில் 50 வீதத்தோடு நின்று சார்ஜர் வேலை செய்யாவிட்டால், 16 வீதத்தைச் செலவழித்துக் குருநாகலுக்குப் போகலாம்; அங்கேயும் கையில் 34 வீதம் இருக்கும். தம்புள்ளையில் சார்ஜர் வேலை செய்தால் 20 அல்லது 25 வீதம் ஏற்றினாலே கொழும்புக்குப் போதும். 40 கிலோவோட் வேகம் (மணித்தியாலத்துக்கு 40 அலகு) கிடைத்தாலும் அது கால் மணித்தியால வேலை. செயலிக்குள் இந்த விதியைப் புகுத்த வழி உண்டு. சார்ஜரை அடையும்போது மிஞ்ச வேண்டிய அளவு வழமையாக 10 வீதமாக இருக்கும். அதை 35 ஆக உயர்த்துங்கள். நிறுத்தங்கள் தாமாகவே முன்கூட்டி வரும். பயண நேரம் சில நிமிடங்கள் கூடுவதாகக் காட்டும். அந்த நிமிடங்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்த குறை, வரைபடத்திலுள்ள சார்ஜர்களின் தகவல். இத்தகைய செயலிகள் எல்லாமே நிலையங்களை நடத்துவோரும் பாவனையாளர்களும் கொடுக்கும் தகவலில்தான் தங்கியிருக்கின்றன. வாகனங்கள் குறைந்த பகுதியில் தகவலும் குறைவு, கிடைப்பதும் பழையது. ஹபரணைப் பக்கம் ஒரு விடுதி வளாகத்தில் சார்ஜர் இருப்பதைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனால், அன்றைக்கு அங்கே கலியாணம்; சார்ஜருக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டாருடைய பஸ் நிற்கிறது; சாரதி எங்கோ சாப்பாட்டுப் பந்தியில். பற்றரியில் பாதிக்கு மேல் இருந்ததால் சிரித்துக்கொண்டே தம்புள்ளைக்குப் போக முடிந்தது. இப்படிப்பட்ட விடயங்களை ஓரளவுக்கு முன்கூட்டியே அறிய ‘பிளக்ஷேர்’ செயலி உதவும். அதில் ஒவ்வொரு நிலையத்தின் கீழும், கடைசியாக வந்தவர் எப்போது வந்தார், சார்ஜ் ஏறியதா, எந்த முனை (வண்டியில் செருகும் இணைப்பு) வேலை செய்தது என்று பாவனையாளர்கள் எழுதும் குறிப்புகளும் படங்களும் இருக்கும். நான் திட்டத்தை ஒன்றில் போட்டு, நிலையத்தை மற்றதில் சரிபார்க்கிறேன். கடைசிக் குறிப்பு பல மாதங்களுக்கு முந்தியதென்றால் அந்த நிலையம் இல்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைபேசி அழைப்பு ஒன்று இருக்கிறது. புறப்படுவதற்கு முதல்நாள் மாலையில் இரண்டு நிலையங்களுக்கும் எடுத்து, சார்ஜர் வேலை செய்கிறதா, எந்த முனை, இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும், பணம் செலுத்தத் தனிச் செயலியோ அட்டையோ வேண்டுமா என்று கேளுங்கள். பொலன்னறுவைக்கு அப்பால் மறுமுனையில் பேசுகிறவர் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசுவார். வீட்டில் அந்த மொழியை நன்றாகப் பேசுகிறவரிடம் தொலைபேசியைக் கொடுத்துவிடுங்கள். முனையைப் பற்றிக் கேட்பது முக்கியம். ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்களாக வந்த நிசான் லீஃப்களுக்கு அதிவேகச் சார்ஜிங் ‘சாடெமோ’ முனையில். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின் வரும் புதிய கார்களில் பலவற்றுக்கு ‘சிசிஎஸ் 2’. செயலியில் வாகன வகையைச் சரியாகக் கொடுத்தால் பொருந்தாத முனைகளை அதுவே கழித்துவிடும். ஆனால் இரு கேபிள்கள் தொங்கும் சார்ஜரில் ஒன்று மட்டும் பழுதாகியிருப்பதை அது அறிய வழியில்லை.

பழைய லீஃப் வைத்திருப்பவர்களுக்கு நான் வேறு விதமாகத்தான் சொல்ல வேண்டும். 24 அலகு பற்றரியில் 30 வீதம் தேய்ந்துவிட்டதென்றால், ஓடப் பயன்படுவது 15 அலகுக்கு மேல் இராது. மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவையைத் தொடுவதே இழுபறி. தேய்வை 30 வீதமென்று செயலியில் குறித்துவிட்டுத் திட்டம் கேளுங்கள். பலவேளைகளில் போக முடியாது என்றே அது சொல்லும், அந்தச் சொல்லை நம்பலாம். லீஃபின் பற்றரியைக் குளிரூட்டத் திரவ ஏற்பாடு கிடையாது என்பதால், வெயில் நாளில் அடுத்தடுத்து அதிவேகச் சார்ஜ் பண்ணினால் பற்றரி சூடேறி, பின்னைய நிறுத்தங்களில் சார்ஜ் வேகம் குறைவதும் உண்டு. திட்டத்தில் காட்டும் நிமிடங்களை அந்த வாகனத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

யானைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்னேரியாவுக்கும் ஹபரணைக்கும் இடையில் மாலை மங்கிய பின் யானைகள் வீதிக்கு வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொழும்பிலிருந்து திரும்பும்போது தம்புள்ளையில் சார்ஜுக்குக் காத்திருந்து நேரம் போனால், இருட்டில்தான் அந்தத் துண்டைக் கடக்க வேண்டிவரும். திரும்பும் பயணத்தில் குருநாகலிலேயே அதிகமாக ஏற்றிக்கொண்டு ஹபரணையை வெளிச்சத்தில் தாண்டிவிடுவது என் வழக்கம். குருநாகலிலிருந்து மட்டக்களப்புக்கு 33 அலகு போதும். 85 வீதத்தோடு கிளம்பினால் எங்கும் நிற்காமல் வீடு வந்து சேரலாம்.

கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்தவர்கள் மொனராகலை வழியாக இறங்கி, அம்பாந்தோட்டைப் பக்கத்தில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையைப் பிடிப்பதுண்டு. அங்கே மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போனால் காற்றின் தடை 65 இல் இருப்பதைவிட இரண்டேகால் மடங்குக்கு மேல். அந்தப் பாதைக்கு உச்ச வேகத்தை 70 இல் வைத்துவிட்டு 100 இல் ஓடினால் திட்டம் பிழைத்துவிடும்.

செயலி உண்மையில் தன் திறமையைக் காட்டுவது மலையேற்றத்தில். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை, பதுளை வழியாக நுவரெலியாவுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்துக்கு, ஆட்களோடும் சாமான்களோடும் 2000 கிலோ வரும் வண்டியைத் தூக்கி வைப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 10 அலகு வேண்டும். தூரத்துக்கான செலவு அதற்கு மேல். தூரத்தை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர் பதுளைக்கு அப்பால் எண்கள் விழும் வேகத்தைக் கண்டு திகைப்பார். செயலியோ ஏற்றத்தில் விழுவதையும் இறக்கத்தில் மீள்வதையும் துண்டு துண்டாகக் காட்டிவிடுகிறது. இறங்கும்போது மோட்டர் திருப்பித் தரும் மின்சாரம் பற்றரியில் இடமிருந்தால்தான் ஏறும் என்பதால், நுவரெலியா விடுதியில் இரவு முழுவதும் செருகி வைத்து 100 வீதமாக்கிவிட்டுக் காலையில் இறங்குவது வீண். அந்த முதல் இறக்கத்தில் பிரேக்கைத்தான் தேய்க்க வேண்டிவரும். சாதாரண 13 அம்பியர் செருகியில் ஒரு மணித்தியாலத்துக்கு மூன்று அலகுக்குச் சற்றுக் குறைவாகவே ஏறும் என்பதை வைத்துக் கணக்குப் பார்த்து, 80 அல்லது 85 வீதத்தோடு நிறுத்திக்கொண்டால், பதுளையை அடையும்போது மீற்றர் புறப்பட்டபோது இருந்ததிலிருந்து பெரிதாக இறங்கியிராது.

இலவசப் பதிப்பே இந்த வேலைகளுக்கெல்லாம் போதும். வாகனத்திலிருந்து நேரடியாகத் தரவை எடுக்கும் சிறு டொங்கிள் ஒன்றை இணைத்தால் கணிப்பு இன்னும் நெருங்கும் என்பது உண்மை. மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பு போகிறவருக்கு அது தேவைப்படாது, வாடகைக்கு ஓடுகிறவர்கள் யோசிக்கலாம்.