கல்லுத்தூண் போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் பள்ளக் காணியில் வீடு கட்ட இருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். சேற்றுக் களியைக் கல்லுத்தூண் போட்டு இறுக்கித் தருவதாகச் சொல்லி, ஒரு கொந்தராத்துக்காரர் என் தம்பி குடும்பத்தின் சேமிப்பைக் கொண்டுபோய்விட்டார்.

காணி ஓடைக்கரையில். முன்பு மரக்கறி போட்ட இடம். மேலே கொஞ்சம் நல்ல மண், அதற்குக் கீழே கம்பியைக் குத்தினால் தானாக இறங்கும் களி. வந்தவர் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல அத்திவாரம் நிக்காது. 2 அடி அகலம், 12 அடி ஆழத்துல 24 தூண் போட்டுத் தாறேன், மாடியே கட்டலாம்" என்றார்.

முறை பொய்யில்லை. குழி தோண்டி, சுத்தமான உறுதியான மெட்டலை, அதாவது உடைத்த கருங்கல்லை, ஓரடி ஓரடியாகக் கொட்டி, ஒவ்வொரு தட்டையும் பாரமான இடிகட்டையால் இடிக்க வேண்டும். இடிக்க இடிக்கக் கல் பக்கவாட்டில் பிதுங்கிக் களியை நெருக்கும். பாரத்தில் பெரும் பங்கைத் தூண் வாங்கிக்கொள்ளும். களியில் நிற்கும் தண்ணீரும் கல் இடுக்கு வழியாக வடிந்து, நிலம் சீக்கிரம் இறுகும். தூண்களுக்கு இடையே அகலத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு தூரம் விடுவார்கள். மேல் பக்கத்தில்தான் தூண் முதலில் பிதுங்கிக் கெடும் என்பதால், எல்லாவற்றுக்கும் மேலே மணலோ மெட்டலோ ஒரு படுக்கையாகப் பரப்பி இறுக்குவார்கள்.

எங்களுக்கு இதில் எதுவுமே ஒழுங்காக நடக்கவில்லை. மழைக்காலம் வந்ததும் குசினிப் பக்கம் இறங்கி, சுவரில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஓய்வுபெற்ற தொழில்நுட்ப அலுவலர் ஒருவர் வந்து பார்த்து, ஒரு தூணை ஒட்டித் தோண்டச் சொன்னார். ஐந்தடியில் கல் முடிந்துவிட்டது. அந்த ஐந்தடியிலும் பாதி, மலை வெட்டும்போது விழுகிற உக்கல் கல். கையால் நசுக்கினால் மண்ணாகிறது. அது தண்ணீரை வடிக்காது, இடுக்கை அடைத்துவிடும் என்றார் அவர். அதற்குக் கீழே நாற்றமடிக்கும் கருஞ்சேறு. இலைதழை மக்கிய அந்த மாதிரிச் சேறு தூணைப் பக்கத்தில் தாங்கிப் பிடிக்காது. அங்கே இந்த முறையே சரிவராதாம். முதலில் ஆழமாகத் துளை போட்டு மண்ணைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். "மண் பரிசோதனை வீண் செலவு" என்று தடுத்ததே அந்தக் கொந்தராத்துக்காரர்தான்.

கணக்கைப் பாருங்கள். அவர் சொன்ன அளவில் ஒரு தூணுக்கு ஏறத்தாழ 38 கன அடி கல். 24 தூணுக்கு 900 கன அடிக்கு மேல். ஒரு கியூப் 100 கன அடி. ஆகவே இடிக்காமல் கொட்டினாலே 9 கியூப் வேண்டும், இடித்தால் இன்னும் கூடப் பிடிக்கும். தம்பி மனைவி எழுதி வைத்த லொறிக் கணக்கில் வந்தது 4 கியூப். பில்லில் 12 கியூப்!

இதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றில். தூண் போட்டால் மண்சரிவும் வராது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆபத்து அறிக்கையும் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தை மண்சரிவுக்குப் பறிகொடுத்த பதுளை மாவட்டத்தில் நின்று இப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது? பள்ளத்துக் களியை இறுக்குவது வேறு, மேலே மலைச்சரிவு நகர்வது வேறு. அந்த அறிக்கை இல்லாமல் இங்கே அத்திவாரம் வெட்டவே கூடாது.

உங்களிடம் யாராவது வந்தால், நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழியின் ஆழத்தையும் கல் கொட்டுவதற்கு முன் நீங்களே கயிறு விட்டு அளந்து பாருங்கள். இடிக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். ஒரு தூணின் மேல் பாரம் ஏற்றி, எவ்வளவு இறங்குகிறது என்று பொறியியலாளர் ஒருவர் அளந்து எழுதித் தரும்வரை கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பொலிஸிலும், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். பாதிப் பணம் தருகிறேன், பேசாமல் விடுங்கள் என்று ஆள் அனுப்பினார், தம்பி மறுத்துவிட்டான். அதே ஆட்கள் இப்போது அப்புத்தளைப் பக்கம் காணி பார்த்துத் திரிவதாகக் கேள்வி.