ஒன்பது வருடப் பாவனையில் லோர்ட் கேயோஸ்

போன கிழமை பைண்டரிடமிருந்து புத்தகம் திரும்பி வந்தது. அன்றிரவே நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், அந்த வோர்லொக் புத்தகம் வாங்கலாமோ? லோர்ட் கேயோஸ் அதிலதானே வாறார்?" 'வாங்கு' என்று அடித்தேன், அழித்தேன். 'வாங்காதே' என்று அடித்தேன், அதையும் அழித்தேன். ஒரு சொல்லில் முடிகிற பதில் இல்லை. ஆகவே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அச்சு, தாள், நிறம் பற்றியெல்லாம் இதில் இராது. 2014இல் மார்வல் காமிக்ஸ் வெளியிட்ட தொகுப்பு. ஜிம் ஸ்டார்லின் 1975 முதல் 1977 வரை எழுதி வரைந்த, அடம் வோர்லொக் என்ற விண்வெளி நாயகனின் கதைகள் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் வாங்கியது 2016 செப்டெம்பரில், கொழும்பு பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சியில். வோர்லொக்குக்காக வாங்கவில்லை. அவனுடைய எதிரி தானோஸுக்காகவும் இல்லை, மார்வல் படங்கள் வந்த பிறகு அந்த ஆளை நண்டு சிண்டெல்லாம் அறியும். நான் தேடியது கேயோஸை, மார்வல் அண்டத்தில் ஒழுங்கின்மைக்கே உருவமாக வருகிறவரை.

அவரை முதன்முதலில் பார்த்தது பள்ளிக்கூட நாட்களில், டீ. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பக்கம் இருக்கும் பழைய புத்தகக் கடை ஒன்றில். 1991இல் வந்த இன்ஃபினிட்டி கோண்ட்லட் தொடரின் ஆறு இதழ்களில் ஐந்தாவது மட்டும் கிடந்தது. தானோஸோடு மோத அண்டத்துப் பெருந்தலைகள் எல்லாம் திரண்டு நிற்கும் இதழ் அது. பெருந்தலைகள் என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கு உடம்பே இல்லை, வெறும் தலைதான். ஒன்று ஒழுங்கின் உருவமான மாஸ்டர் ஓர்டர்: வழுவழுப்பான மொட்டை, அளந்து வைத்தது போன்ற மூக்கு. மற்றது கேயோஸ்: மெழுகு உருகி வழிந்ததுபோலக் கோணிப்போன முகம். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாசல் தாண்டாத காலம் அது. ஒழுங்கு என்றால் எனக்குச் சோதனைச் சாவடிதான். எதிர்ப்பக்கம் கோணிக்கொண்டு நின்ற முகம் பிடித்துப் போனதில் அதிசயம் இல்லை.

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

இந்தத் தொகுப்பில் கேயோஸ் வருவது கடைசிக் கதையில், அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய கட்டங்களில். அது பரவாயில்லை, இப்படிப்பட்டவர்கள் குறைவாக வருவதுதான் அழகு. என் குறை வேறு. இந்த மனிதர் ஒழுங்கின்மை என்ற ஒன்றைச் செய்வதே இல்லை.

கதையைப் பாருங்கள். 1977இல் வந்த மார்வல் டூ-இன்-வன் இரண்டாவது ஆண்டு மலர். அவருடைய முதல் வருகையே இதுதான். அவெஞ்சர்ஸ் ஏழாவது ஆண்டு மலரில் தொடங்கிய சண்டை இங்கே முடிகிறது. தானோஸ் நட்சத்திரங்களை அணைத்துத் தன் காதலியான மரணத்தின் காலடியில் வைக்கப் பார்க்கிறான். வோர்லொக் முதல் மலரிலேயே செத்துப்போய், தன் நெற்றியிலிருந்த ஆன்மக் கல்லுக்குள் அடங்கிவிடுகிறான். அவெஞ்சர்கள் பிடிபடுகிறார்கள். ஸ்பைடர்மேனுக்கு ஒரு கெட்ட கனவு. (முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் குழம்பவேண்டாம், நம்முடைய பழைய ஸ்பைடர் வேறு ஆள்.) கனவு கலைந்த கையோடு, திங் என்ற கல்லுடம்பு நாயகனிடம் ஓடுகிறான். இருவரும் விண்கலம் ஏறுகிறார்கள். அங்கே போய் ஸ்பைடர்மேனுக்குக் கைகால் நடுங்குகிறது, பிறகு எப்படியோ துணிகிறான், கல் விடுபடுகிறது, வோர்லொக் தீப்பிழம்பாக எழுந்து தானோஸைக் கல்லாக்கிவிட்டுப் போகிறான். இத்தனையையும் பின்னாலிருந்து ஒப்பேற்றியது யார்? ஓர்டரும் கேயோஸும், தோளோடு தோள் சேர்ந்து. தோள் ஏது, கன்னத்தோடு கன்னம் சேர்ந்து.

யாருக்கு எப்போது கனவு வர வேண்டும், அவன் யாரிடம் ஓட வேண்டும், எந்த நொடியில் எதன்மேல் விழ வேண்டும்! கலியாண வீடுகளில் கையில் சின்னக் கொப்பியோடு ஒரு மாமா திரிவாரே, மணவறைப் பூவிலிருந்து கடைசிப் பந்தி அப்பளம் வரை எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டு, அவர்தான் இந்த லோர்ட் கேயோஸ். முகம் மட்டும்தான் கோணல், வேலை படு நேர்த்தி. அதிலும் தனியாக ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார். ஓர்டர் இல்லாமல் அவரை இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை. போதாததற்கு இருவருக்கும் பொதுவாக ஒரு வேலையாள் வேறு, இன்-பிட்வீனர், நெடுக்காகப் பாதி கறுப்பு பாதி வெள்ளை. ஒழுங்கின்மைக்கு ஊழியர் எதற்கு? அவருக்கு லீவு யார் கொடுப்பது? 2017இல் அல் யூயிங் எழுதிய அல்டிமேட்ஸில் மூவரையும் ஒன்றாகக் கலந்து லோகோஸ் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் கம்பனிகளை இணைப்பது போல.

ஸ்டார்லினுக்கு ஒழுங்கின்மையைக் காட்டத் தெரியாது என்று சொன்னால் அநியாயம். இதே புத்தகத்தில், கேயோஸ் எட்டியும் பார்க்காத இடத்தில், அது இருக்கிறது. ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 181, 1975. வோர்லொக் கோமாளிகள் நிறைந்த ஓர் உலகத்தில் மாட்டிக்கொள்கிறான். அவர்கள் குப்பையைக் குவித்து ஒரு கோபுரம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். குப்பைக்கு நடுவே அங்கங்கே வைரமும் கிடக்கும், அதையும் குப்பையாகவே அள்ளிப் போடுகிறார்கள். கோபுரம் சரியும். மறுபடி கட்டுவார்கள். ஸ்டார்லின் தான் வேலை செய்த கம்பனியையே நக்கலடித்திருக்கிறார். தலைமைக் கோமாளியின் பெயர் லென்ஸ் டியன். ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால், கிட்டத்தட்ட, மார்வலின் முகமாக இருந்த ஸ்டான் லீ வந்துவிடும். வாங்கிய புதிதில் அந்தக் கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

2017 ஏப்ரல் 14, வருடப் பிறப்பன்று, கொழும்புப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்கும் குப்பைக்கும் அடியில் போனார்கள். அதற்குப் பிறகு நெடுநாள் அந்தப் பக்கங்களை நான் புரட்டியே கடந்தேன். அண்டத்தில் மிதக்கும் ஒரு தலை அந்த நாளுக்குப் பொறுப்பு என்று யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அங்கே அப்படித் தலை ஒன்றும் இருக்கவில்லை.

கேயோஸ் ஒரே ஒரு தடவை என்னைச் சமாதானப்படுத்தியிருக்கிறார். 2022 ஜூலை. டொலர் 200 சொச்ச ரூபாயிலிருந்து 360க்குப் போயிருந்தது. காலி வீதியில் பெற்றோல் வரிசை. இரவு பத்து மணிக்குப் போய் நின்றவன் மறுநாள் மத்தியானம் வரைக்கும் மோட்டார் சைக்கிளை உருட்டி உருட்டி முன்னேறினேன். பையில் இந்தப் புத்தகம், ஒரு போத்தல் தண்ணீர், மாலு பாண் இரண்டு. நாடே தலைகீழாகக் கிடந்தது. ஆனால் நான் வாழ்நாளில் கண்ட மிக நேர்த்தியான வரிசைகள் அந்த மாதத்தில்தான். யாரோ ஒருவர் கொப்பி ஒன்றில் எல்லாருடைய இலக்கத்தையும் எழுதி வைத்திருந்தார். தேத்தண்ணி குடிக்கப் போகிறவரின் இடத்தைப் பின்னால் நிற்பவர் பார்த்துக்கொண்டார். அப்புறம் பெற்றோலைப் பங்கிட கியூஆர் வந்தது, நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கம் பார்த்து நாள் பிரித்தார்கள். ஃபோன் வெளிச்சத்தில் அந்த இரண்டு தலைகளும் பக்கத்தில் பக்கத்தில் மிதப்பதைப் பார்த்தபோது, சரி, ஸ்டார்லின் ஏதோ கண்டுதான் வரைந்திருக்கிறார் என்று பட்டது. பெற்றோல் அடித்து வீட்டுக்கு வந்து ஒரு நித்திரை போட்டு எழும்பியதும் அந்த எண்ணம் போய்விட்டது. மறுபடியும் கொப்பி மாமாதான்.

இனி, புத்தகம் ஏன் பைண்டரிடம் போனது என்ற கதை.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு. மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து, எங்கள் சுவர் வழியாக இறங்கி, அலுமாரியின் மேல் தட்டுக்கு வந்தது. புத்தகம் குப்புறக் கிடந்ததால் நனைந்தது பின்பாதி, சரியாக அந்த இரண்டு ஆண்டு மலர்களும். வழுவழுத் தாள் நனைந்தால் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், பிறகு எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. ஈரத்தோடே பிரிக்க வேண்டும். அம்மாவும் நானும் குசினி மேசையில் இருந்து ஒவ்வொரு தாளாக உரித்தோம். நடுவில் பழைய பேப்பர் வைத்து, கொஞ்சம் காய்ந்ததும் கொடியில் கிளிப் போட்டு, காற்றாடியைப் போட்டுவிட்டோம். தானோஸ், ஸ்பைடர்மேன், திங் எல்லாரும் என் சாரத்துக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பேப்பரில் மரண அறிவித்தல் பக்கம் ஒன்றும் இருந்திருக்கிறது. அதன் மை ஏறி, தானோஸின் நெற்றி ஓரத்தில் இன்றைக்கும் தலைகீழ் எழுத்தில் யாரோ ஒரு அமரரின் பெயர் மங்கலாகத் தெரிகிறது. "உதை எறியாமல் என்னத்துக்கு மினக்கெடுகிறாய்?" என்று அம்மா கேட்டார். கேட்டுக்கொண்டே உரித்தார்.

காய்ந்த தாள்களைக் கிடைத்த ஒழுங்கில் அள்ளி ஒரு பையில் போட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பம், அது என் தப்பு. கொட்டாஞ்சேனைப் பக்கம் கணக்குப் புத்தகங்களும் பள்ளிக்கூடக் கடந்தகால வினாத்தாள்களும் பைண்ட் பண்ணும் ஒரு வயதானவரிடம் கொடுத்தேன். வேலை என்றால் வேலை. நூல் தையல், முதுகுக்குக் கறுப்புத் துணி, ஓரம் கத்தி வைத்ததுபோல நறுக்கு. முன்னர் எப்போதும் இப்படித் தட்டையாகத் திறந்து கிடந்ததில்லை. மகிழ்ச்சியோடு பேருந்தில் இருந்தே பின்பாதியைத் திறந்தேன்.

வோர்லொக் செத்துக்கொண்டிருந்தான். தாளைப் புரட்டினால் ஸ்பைடர்மேன் கட்டிலில் அலறி எழும்புகிறான். அடுத்த தாளில் வோர்லொக் இன்னும் செத்து முடியவில்லை.

ஆண்டு மலர் இரண்டு. இரண்டிலும் பக்க எண் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. அடுத்த நாள் ஓட்டோ பிடித்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "நம்பர் பாத்துத்தான் தம்பி அடுக்கினேன். எல்லா நம்பரும் ரெண்டு ரெண்டா இருந்துச்சு. ஒண்ணு பக்கத்துல ஒண்ணா வச்சுத் தைச்சேன். ஒரு தாள்கூட மிச்சம் இல்ல, எண்ணிப் பாருங்க." எண்ணிப் பார்த்தேன். உண்மைதான், ஒரு தாள்கூட மிச்சம் இல்லை. ஒழுங்காக, விதி தவறாமல், கதையைச் சிதறடித்திருந்தார்.

"கொண்டாங்க தம்பி, பிரிச்சுத் தைச்சுத் தர்றேன். காசு வேணாம். செவ்வாய்க்கிழமை வாங்க."

கோபம் தீராமல்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் இரவில் மறுபடி எடுத்தேன். முதல் மலரில் அவெஞ்சர்கள் தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்திலேயே இரண்டாம் மலரிலிருந்து இரண்டு தலைகளும் இடையில் புகுந்து எட்டிப் பார்க்கின்றன. பழைய ஒழுங்கில் அவர்கள் எல்லாம் முடிகிற நேரத்தில் வந்து கணக்குச் சொல்லும் ஆட்கள். இப்போது சாவு நடக்கும்போதே பக்கத்தில் நிற்கிறார்கள், ஒரு விரலும் அசைக்காமல் (விரல் இல்லை, தெரியும்). முதல் தடவையாக அந்தக் கோணல் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம் வந்தது. அடுத்து யார் வருவார், செத்தவனா எழுந்தவனா என்று தெரியாமல் தாளைப் புரட்டினேன். இந்தக் கதையை நான் இருபது தடவைக்கு மேல் வாசித்தவன். சில தாள்களில் வசனம்கூட அடுத்த கதையின் வசனத்துக்குப் பதில் சொல்வதுபோல விழுகிறது. பலதில் ஒன்றுமே பொருந்தவில்லை, எரிச்சல்தான் வருகிறது, அதை மறைக்கவில்லை. ஓரம் வெட்டியதில் சில பெட்டிகளின் கடைசி எழுத்துகளும் போய்விட்டன.

ஆக, மச்சான், உனக்குப் பதில். லோர்ட் கேயோஸுக்காக இந்தப் புத்தகத்தை வாங்காதே. ஒன்பது வருடம் வைத்திருந்து சொல்கிறேன், அவர் பெயருக்குத்தான் குழப்பம். வோர்லொக்குக்காக வேண்டுமானால் வாங்கு, கோமாளிக் கதைக்காகக் கட்டாயம் வாங்கு. இன்றைய விலையில் இரண்டு தரம் யோசி.

இதை அனுப்பியதும் அவன் பதில் போட்டான்: "அப்ப உன்ர புத்தகத்தைத் தாவன், வாசிச்சிட்டுத் தாறன்." அது இரவல் கொடுக்கிற நிலையில் இல்லை, பைண்டருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நேற்றுப் போய்விட்டது. புத்தகம் கட்டில் பக்கத்துக் கதிரையில்தான் கிடக்கிறது.