பட்டியலா, பூவா, போதும் என்ற கோடா?

வாடகை வீடு தேடி நான்கு மாதம் அலைந்தோம். மொத்தம் 17 வீடுகள். ஆறாவதாகப் பார்த்தது எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. “வீட்டில் பேசிவிட்டு இரண்டு நாளில் சொல்கிறோம்” என்று சொல்லி வந்தோம். மூன்றாம் நாள் போன் செய்தால், முந்தின மாலையே யாரோ டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு வீட்டையும் அந்த ஆறாவது வீட்டோடு ஒப்பிட்டே கழித்துக்கொண்டிருந்தோம். பழைய வீட்டுக்காரர் கொடுத்த கெடு நெருங்க நெருங்க, அம்மாவுக்கு இரவுத் தூக்கம் போனது.

அந்த நாட்களில்தான், மனிதர்கள் முடிவெடுக்க என்னென்ன வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். நான் அவற்றை உரசிப் பார்த்தது ஒரே கல்லில்: இந்த வழியில் போனால் மறுநாள் காலையில் எழுந்து எதையாவது செய்வோமா, இல்லை இன்னும் யோசித்துக்கொண்டே இருப்போமா?

பட்டியலில் தொடங்குகிறேன். நம்மில் பலருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். 1772இல் வேதியியல் அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஷெல்பர்ன் பிரபுவிடமிருந்து ஒரு வேலைக்கு அழைப்பு வந்தது. போவதா வேண்டாமா என்று அவர் குழம்பி, லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். போ என்றோ போகாதே என்றோ பிராங்க்ளின் சொல்லவில்லை. ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் சாதகங்களையும் மறுபக்கம் பாதகங்களையும் எழுதச் சொன்னார். மூன்று நான்கு நாட்கள் தோன்றத் தோன்ற எழுத வேண்டும். பிறகு சம எடையுள்ளவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வந்தால், மிச்சம் இருப்பது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். 1773இல் பிரீஸ்ட்லி அந்த வேலையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, அந்தப் பிரபுவின் மாளிகையில் இருந்தபடிதான் அவர் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார்.

பட்டியலின் பலத்தைப் பிராங்க்ளினே அந்தக் கடிதத்தில் சொல்லியிருக்கிறார். காரணங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மனதுக்கு வருவதில்லை. ஒரு காரணம் முன்னால் வரும்போது இன்னொன்று மறைந்துகொள்கிறது. தாளில் இருந்தால் மறையாது. எங்கள் விஷயத்தில் இது உண்மையாகவே உதவியது. ஒன்பதாவது வீட்டின் பெரிய பால்கனியில் மயங்கி நின்ற எங்களுக்கு, அது லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி என்பதையும் அம்மாவின் முழங்காலையும் ஞாபகப்படுத்தியது அந்தத் தாள்தான்.

ஆனால் எடை போடுவது நாம்தானே? வாடகையில் ஐநூறு ரூபாய் குறைவு என்பதும் ஒரு வரி, அம்மா தினமும் படியேற வேண்டும் என்பதும் ஒரு வரி. மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வரிகள் கூடிவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு. பிராங்க்ளின் தன் முறைக்கு ஒரு கெடு வைத்திருந்தார்: மூன்று நான்கு நாட்கள் எழுதுவது, கழித்தபின் ஓரிரண்டு நாள் பொறுப்பது, அவ்வளவுதான். நாம் தாளின் நடுவே போட்ட கோட்டை எடுத்துக்கொண்டு கெடுவை விட்டுவிட்டோம். கெடு இல்லாத பட்டியல் தள்ளிப்போடுவதற்கு ஒரு கௌரவமான காரணம் ஆகிவிடுகிறது.

அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் பூவும் நாணயமும் இருக்கின்றன. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது நம் வீடுகளில் இன்றும் நடப்பது. இதை மூடத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் 2013இல் ஓர் இணையதளம் தொடங்கி, முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களுக்கு நாணயம் சுண்டிக் கொடுத்தார். 20,000க்கும் அதிகமான முறை சுண்டப்பட்டது. வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில், மாற்றத்தைச் செய்தவர்கள் ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, இருந்த இடத்திலேயே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லோருக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவ்வளவு நாள் இழுபறியாக இருக்கும் விஷயத்தில் மாறிப் பார்ப்பதே பெரும்பாலும் மேல் என்ற அளவுக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்.

பூவின் பலவீனம் வெளிப்படை. அது கழிக்காது. கையில் உள்ள இரண்டுமே மோசமாக இருந்தால், மோசமான ஒன்றைத்தான் எடுத்துக் கொடுக்கும். இதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அங்கே பொறித்து வைத்தார்கள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். ஆனால் யார் பெயர் வேண்டுமானாலும் குடத்துக்குள் போய்விட முடியாது. வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு அதிகமாக வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி, ஒழுங்காகக் கணக்குக் காட்டிய வரலாறு என்று வடிகட்டிய பிறகுதான் சீட்டு. தகுதியை மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள். தகுதியானவர்களுக்குள் யார் என்பதைக் குடத்திடம் விட்டார்கள். வீட்டில் பூ போடும்போது நாம் விட்டுவிடும் முதல் பாதி இதுதான்.

37 சதவீத விதி என்று கணக்கில் ஒன்று உண்டு. மொத்தத்தில் முதல் 37 சதவீதத்தை வெறுமனே பார்த்துவிட்டு விட வேண்டும். அதற்குப் பிறகு, அதுவரை பார்த்த எல்லாவற்றையும்விட மேலாக வரும் முதல் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பிப் போக முடியாத தேர்வுகளுக்கு அழகான கணக்கு. ஆனால் மொத்தம் எத்தனை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து செய்தாலும் ஆகச் சிறந்தது கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 37 சதவீதம்தான். எங்கள் 17 வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் ஆறை விட்டுவிட வேண்டும். பிடித்த வீடே ஆறாவது! சரி, இது எங்களுக்கு ஆகாது.

நான் சேர்ந்திருக்கும் கட்சி ஹெர்பர்ட் சைமனுடையது. 1978இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். மனிதனால் எல்லாத் தகவலையும் திரட்டி ஆகச் சிறந்ததைக் கண்டுபிடிக்க முடியாது, போதுமானது என்று ஒரு கோடு வைத்து, அதைத் தாண்டும் முதல் ஒன்றை எடுக்கிறான் என்பது அவர் வாதம். இதில் முக்கியம், கோட்டைத் தேடலுக்கு முன்பே போட்டுவிடுவது. பார்க்கத் தொடங்கிய பிறகு போட்டால், ஒவ்வொரு வீடும் அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிவிடும்.

இதற்கும் ஒரு விலை உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. ஷீனா ஐயங்கார், பாரி ஷ்வார்ட்ஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடிய மாணவர்களில் ஆகச் சிறந்ததையே தேடியவர்களுக்கு ஆரம்பச் சம்பளம் சுமார் 20 சதவீதம் அதிகமாகக் கிடைத்தது. ஆனால் மனநிறைவு அவர்களுக்குத்தான் குறைவு. மனநிறைவுதான் பெரிது என்று சொல்லிவிடலாம். கடன் உள்ள குடும்பத்தில் அந்த 20 சதவீதம் சின்ன விஷயமில்லை. வீட்டுக் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 லட்சம், 20 ஆண்டு, வட்டி எட்டரைக்குப் பதில் ஒன்பது சதவீதம் என்றால் மொத்தத்தில் சுமார் 2.3 லட்சம் கூடுதலாகப் போகும். அங்கே நான்கு வங்கி ஏறி இறங்குவதுதான் சரி. மிக்ஸி வாங்கவும் அதே அளவு அலைவதுதான் வீண்.

எந்த வழியில் முடிவெடுத்தாலும், எடுத்த பிறகு கதவை மூடிவிடுவது நல்லது என்பதையும் அப்போதுதான் படித்தேன். டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் புகைப்படம் கற்ற மாணவர்களிடம் செய்த சோதனையில், தேர்ந்தெடுத்த படத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தப் படம் குறைவாகவே பிடித்திருந்தது. மாற்ற முடியாதவர்கள் தங்கள் படத்தோடு ஒட்டிப்போனார்கள்.

இத்தனைக்குப் பிறகும், முடிவு மனதிலேயே தங்கிவிடலாம். பீட்டர் கோல்விட்சரின் ஆய்வு ஒன்றில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப ஒப்புக்கொண்ட மாணவர்களில், எப்போது எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். மன உறுதியில் இரு தரப்புக்கும் வேறுபாடு பார்க்க முடியாது. நாளும் இடமும் மட்டும்தான் வேறு.

கடைசி வாரத்தில் என் மனைவி காலண்டர் தாளின் பின்பக்கம் நான்கு வரி எழுதினாள். தரைத்தளம் அல்லது லிஃப்ட். கோடையிலும் தண்ணீர். இவ்வளவுக்குள் வாடகை. பஸ் நிறுத்தம் நடந்து போகும் தூரம். எழுதி முடித்ததும் இருவருக்கும் ஒன்று உறைத்தது: மூன்றாவதாகப் பார்த்த வீடே இந்த நான்கையும் தாண்டியிருக்கும். “சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, எது தாண்டுகிறதோ அங்கே போய் அட்வான்ஸ் கொடுக்கிறோம்” என்று கீழே அவளே எழுதினாள்.

சனிக்கிழமை இரண்டு வீடு தாண்டியது, 16ஆவதும் 17ஆவதும். மறுபடியும் பேச்சு ஆரம்பித்தபோது அம்மா எழுந்து போய் அரளியும் செம்பருத்தியும் பறித்து வந்தார். எதிர்வீட்டுக் குழந்தை எடுத்தது அரளியை. ஐந்து மணிக்குக் கிளம்பி 17ஆவது வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தோம். அங்கே சமையலறையில் காற்று போதாது. குடிபோன மறுவாரம் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டினோம்.